மூன்றாம் உலையின் புகை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யத் தயார். யார் தலை என்பதை மட்டும் கேட்பவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டொரு இடத்தில், நம்ப மாட்டார்களே என்று பயந்து, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

உலை மேஸ்திரி ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஈயம் உருக்கும் ஆலையில் நாற்பத்தோரு வருஷம் இருந்தவர். அதில் கடைசி இருபத்தாறு வருஷம் மூன்றாம் உலைக்கு மேஸ்திரி. அவர் வெளியே வந்த சில வருஷங்களில் ஆலையை மூடினார்கள். பிறகு இடித்தார்கள். பிறகு அந்த இடத்தில் புல் வளர்த்து, நாலு பெஞ்சு போட்டு, நாய்களை அழைத்து வரக்கூடாது என்று ஒரு பலகையும் வைத்தார்கள். புகைபோக்கி கட்டப் பதினான்கு மாதம் பிடித்தது. விழ ஒன்பது விநாடி. கைக்கடிகாரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் மேஸ்திரி. அன்றைக்குக் கழற்றியதுதான், பிறகு அந்தக் கடிகாரத்தை அவர் கட்டவே இல்லை.

புகை இருந்த காலத்தில்தான் ஊர் ஊராக இருந்தது என்பது மேஸ்திரியின் கட்சி. காலையில் வானத்தை அண்ணாந்து பார்த்தால் போதும், எந்த உலையில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சாம்பல் நிறத்தில் கம்பம் நட்டதுபோல எழும்பினால் மூன்றாம் உலை. மஞ்சள் தட்டினால், இரண்டாம் உலைக்காரன் கண்ணயர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அவன் பெண்டாட்டி மாடியிலிருந்தே திட்ட ஆரம்பித்துவிடுவாள். காற்றடிக்காத நாளில் புகை எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்றால், விளக்கு மாற்ற வந்த மின்சாரக்காரர் ஒருவர் சுவர் என்று நினைத்து அதன்மேல் ஏணியைச் சாத்தி ஆறு படி ஏறிவிட்டார். ஏழாவது படியில் காற்றுத் திரும்பிவிட்டது. கால் எலும்பு கூடி வர மூன்று மாதம் ஆயிற்று.

வெள்ளைக் கோழி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு தலைமுறை வளர்ந்தது. ஒரு வீட்டுப் பூனை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. வீட்டுக்காரர்கள் அது யார் வீட்டுப் பூனையோ என்று துரத்திவிட்டு, தங்கள் சாம்பல் பூனையை ஒரு வாரம் தேடினார்கள். மேஸ்திரியின் ஒரே மகள் முதல் எழுத்து எழுதிப் பழகியது ஜன்னல் கண்ணாடியில் படிந்த சாம்பலில். விரலால் எழுதுவாள். தப்பாக எழுதினால் அழிக்க வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தானே மூடிக்கொள்ளும்.

எழுத்து பழகிய அந்தப் பெண்தான் பிற்பாடு படித்து, பெரிய படிப்பாகப் படித்து, பனிக்கட்டி அறுக்கும் வேலைக்குப் போனாள். ஊரிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். உலகத்தின் உச்சந்தலையிலிருந்து, அதாவது துருவத்திலிருந்து, குழாய் குழாயாகப் பனி வந்து இறங்கும். அங்கே விழுகிற பனி உருகுவதில்லை. இந்த வருஷத்துப் பனிக்கு மேல் அடுத்த வருஷத்துப் பனி விழுந்து அமுங்கிக்கொண்டே போகும், தெருக்கோடிச் சலவைக்கடையில் யாரும் எடுக்க வராத துணி அடுக்குப்போல. அதை மேலிருந்து கீழே துளைத்து எடுத்தால் எந்த வருஷம் காற்றில் என்ன இருந்தது என்று தெரியும். மகளின் வேலை அதை அறுத்து, மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே யார் கையும் படாத நடுப்பகுதியை மட்டும் உருக்கி அளப்பது.

"வாரம் முழுக்க ஐஸை அறுக்கறதுக்கா இவ்வளவு படிச்சே? ஐஸ் கம்பெனியில எட்டாம் கிளாஸ் போதுமே" என்பார் அவளுடைய தாய்மாமன்.

இந்தத் தாய்மாமன், மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருந்த பித்தளை ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஆலையும் இப்போது இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். ஆலைகள் போனாலும் கரைகள் போகவில்லை அல்லவா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலத்தைக் கடந்து அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, யாருடைய புகைபோக்கி உயரம் என்று அத்தானிடம் சண்டை போட்டுவிட்டு, சாயங்கால டீயையும் குடித்துவிட்டுத் திரும்புவார். மச்சான் வராத ஞாயிறு மேஸ்திரிக்குச் செரிக்காது.

அப்படி ஒரு ஞாயிறு, விடுமுறைக்கு வந்திருந்த மகள் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, ஒரு விஷயம். எங்ககிட்ட வந்த பனியில ஈயம் இருக்கு. நீங்க வேலை பாத்த வருஷங்கள்ல அளவு அப்படியே ஏறுது, ஆலை மூடின பிறகு விழுந்துடுது. காத்து வந்த வழியக் கணக்குப் போட்டா, இந்த ஆத்தங்கரைப் பக்கம்தான் காட்டுது."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "இங்கேர்ந்து அது எவ்வளவு தூரம்?"

"எட்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும்."

மேஸ்திரி எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "புகைபோக்கிய இன்னும் இருபது அடி ஒசத்துங்கடான்னு நான்தான் சண்டை போட்டேன். ஒசத்தினாங்க. இப்பப் பாத்தியா!"

"அப்பா, இது சந்தோஷப்படற சங்கதி இல்ல. விஷம்."

"விஷம்தான். யாரு இல்லேன்னா? ஆனா எங்க விஷம்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் இப்படி நிக்கறாரு? கால்ல ஏதாவது கடிச்சுதா?"

"அம்மா, அப்பாவோட புகை வடதுருவத்துல கிடைச்சிருக்காம்."

"அங்கேயும் போய்ட்டாரா" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

இவ்வளவு நேரம் மச்சான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கன்னங்கரேல் மீசை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை சாயம் பூசுவார். இப்போது தொண்டையைக் கனைத்தார். "ஆத்தங்கரைன்னா எந்தக் கரைம்மா?"

மேஸ்திரி திரும்பினார். "என்ன கேள்விடா அது? எங்க கரைதான்."

"எங்க புகைபோக்கி ஒங்களுதைவிடப் பதினோரு அடி ஒசரம் அத்தான். அவ்வளவு தூரம் போகணும்னா ஒசரத்துலேர்ந்து கிளம்பினாத்தானே முடியும்?"

"ஈயத்தப் பாத்து இளிச்சுதாம் பித்தளை! ஏன்டா, பனியில இருக்கறது ஈயம்னு அவ சொல்றா. ஒனக்கு அங்க என்ன வேலை?"

"பித்தளையில ஈயம் சேக்காம எதைச் சேப்போம்? அதுவும் சேந்துதான் பொகையும். என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு அப்போது இல்லை. "எந்தக் கரைன்னு இப்போதைக்குச் சொல்ல முடியாது மாமா."

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல என்று சொல்வார்கள். ஈயம் எந்தச் சூட்டில் உருகும் என்று தெரிந்தவர்கள் அந்த உவமையை யோசித்துத்தான் பயன்படுத்துவார்கள்: முந்நூற்று இருபத்தேழு டிகிரி. மேஸ்திரிக்கு அந்த நிமிஷம் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

அன்று படுத்தவருக்குப் புரண்டு புரண்டு ஒரே நினைப்பு. புகைபோக்கி போயிற்று. உலை போயிற்று. உலைக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் இருமி இருமிப் போனார்கள். நாற்பத்தோரு வருஷம் இருந்தோம் என்பதற்கு ஊரில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. கடைசியில் எங்கேயோ கண்காணாத இடத்தில் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. அதையும் ஒரு பித்தளைக்காரன் தன்னுடையது என்கிறான். விட்டுவிடுவதா?

காலையில் மகளிடம் கேட்டார். "எப்படி நிரூபிக்கறது?"

"ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் ஒரு அடையாளம் இருக்குப்பா, கைரேகை மாதிரி. உங்க ஆலைக்கும் மாமா ஆலைக்கும் ஈயம் வந்தது வேற வேற சுரங்கத்துலேர்ந்து. உங்க ஆலைச் சாமான் ஏதாவது ஒண்ணு, துளி தூசி இருந்தாக்கூடப் போதும், பனியோட ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

துளி தூசி. ஒரு காலத்தில் தட்டில் சோறு போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் கைப்பிடி தூசி விழுந்திருக்கும் வீட்டில் மேஸ்திரி இப்போது துளி தூசி தேட ஆரம்பித்தார். பரண்மேல் ஏறினார். பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். சாப்பாட்டுத் தூக்கின் மூடி இடுக்கைக் குண்டூசியால் சுரண்டினார். எல்லாம் பளபளவென்று இருந்தன.

"என் வேலைச் சட்டை எங்கே?"

"தோச்சேன்" என்றாள் மனைவி.

"அப்புறம்?"

"கிழிச்சுத் தரை தொடச்சேன். அப்புறம் அதையும் தோச்சேன்."

"தொப்பி?"

"தோச்சேன்."

"ஒரு மூலையில, ஒரு இடுக்குல, கொஞ்சமாவது விட்டு வெக்கக் கூடாதா?"

மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள். "நாப்பத்தோரு வருஷம் ஒங்க புகையத் தோச்சுத் தோச்சு என் கைரேகையே அழிஞ்சு போச்சு. காத்து எந்தப் பக்கம்னு பாத்துப் பாத்துத் துணி காயப்போட்டேன். இப்ப வந்து, ஒரு சிட்டிகை மிச்சம் வெச்சியான்னு கேக்கறீங்களே, இது ஒங்களுக்கே நல்லா இருக்கா?"

நன்றாக இல்லைதான். மேஸ்திரி பூங்காவுக்குப் போய் ஒரு கரண்டியால் புல்லைத் தோண்டினார். காவல்காரர் ஓடி வந்து, இங்கே மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பழைய மண்ணை வழித்தெடுத்து லாரியில் ஏற்றிவிட்டுப் புது மண் கொட்டியிருக்கிறது என்று சொல்லிக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். பழைய கூட்டாளிகளுக்குப் போன் செய்தார். ஒருவரிடம் ஆலையிலிருந்து கொண்டுவந்த ஈயப்பாளம் ஒன்று கதவு அடிக்காமல் இருக்க முட்டாகக் கிடந்ததாம். போன மாதம்தான் பேரன் வந்து கதவுக்கு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிப் போட்டானாம்.

மகள் ஊருக்குத் திரும்பும் நாள். பெட்டியை மூடிக்கொண்டே, அப்பாவைத் தேற்றுவதற்காக ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்: "விடுங்கப்பா. அத்தனை வருஷத்து ஈயம் உங்க எலும்புலயும் பல்லுலயும்தான் இருக்கும். அதையா எடுத்துக் குடுக்க முடியும்?"

இப்படி ஒரு வார்த்தையை ஓர் உலை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறலாம் என்று நினைத்தது அவள் தப்பு.

பல் வைத்தியர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். மேஸ்திரிக்கு மொத்தம் பதினோரு பல். "எது வலிக்குது?"

"எதுவும் வலிக்கல. இருக்கறதுலயே நல்ல பல்லா ஒண்ணு எடுங்க."

"நல்ல பல்ல எதுக்குப் பெரியவரே எடுக்கணும்?"

"அது ஒரு எடத்துல சாட்சி சொல்லணும்."

வைத்தியர் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். பைத்தியங்களிடம் வாதாடக் கூடாது என்று அறிந்தவர். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடித்தார். பல் வரவில்லை. ஒரு காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். பல் வந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் நாலு பேர் செருப்பை மறந்துவிட்டுப் போனார்கள். தட்டு நெளிந்துவிட்டது. பல்லை எடுத்துக் கையில் நிறுத்திப் பார்த்த வைத்தியர், "என்ன பெரியவரே, கதவுப் பூட்டுக் கனம் கனக்குது" என்றார். மேஸ்திரிக்கு வந்த பெருமையை வாயில் பஞ்சு இருந்ததால் வெளியிட முடியவில்லை.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். மேஸ்திரி விஷயத்தில் பல்லைத் தபாலில் அனுப்பிய பிறகுதான் சொல் அதிகமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்ததும், "ஒன் பல்லுல ஒண்ணு அனுப்பறியாடா? ரெண்டையும் வெச்சுப் பாக்கட்டும்" என்றார். மச்சானால் முடியாது. அவர் வாயில் இருந்த அத்தனை பல்லும் எட்டு வருஷத்துக்கு முன் அளவு கொடுத்துச் செய்தது.

ஆறு வாரம் கழித்து மகளிடமிருந்து ஒரு தாள் வந்தது. இரண்டு பத்தி எண்கள். ஒரு பத்தியின் தலைப்பில் 'பனி', இன்னொன்றில் 'அப்பா'. எண்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. கீழே அவள் கையெழுத்தில், 'உங்க புகைதான்' என்று எழுதியிருந்தாள். மேஸ்திரி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இரண்டு தடவை அங்கும் இங்கும் நடந்துவிட்டு வந்தார்.

மச்சான் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நம்பரு."

"ஆமா. நம்பரு."

"எழுதினது யாரு? ஒங்க பொண்ணு. பல்லு யாருது? ஒங்களுது. தீர்ப்பு யாருக்கு? ஒங்களுக்கு. பஞ்சாயத்து நல்லா இருக்கு அத்தான்."

"டேய், அவ உன் அக்கா பொண்ணுடா!"

"அதனாலதான் மரியாதையாச் சொல்றேன். காகிதத்துல ஆயிரம் எழுதலாம். புகைன்னா கண்ணுக்குத் தெரியணும். நாப்பது வருஷம் நாம ரெண்டு பேரும் பாத்த புகைதானே? கண்ணால காட்டச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

மேஸ்திரி கத்தினார், கையை ஓங்கினார், டீயைக் கொட்டினார். ஆனால் உள்ளுக்குள் மச்சான் சொன்னது அவருக்கும் சரியென்றே பட்டது. எண்களைப் பார்த்து எந்த மனுஷனுக்குக் கண் நிறையும்? அவருக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு தடவை. சாம்பல் நிறத்தில், கம்பம் நட்டதுபோல.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். மனைவி, குளிருமாமே என்று வீட்டில் இருந்த கம்பளி அனைத்தையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தம்பியின் தலையில் ஏற்றியிருந்தாள். அத்தனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வெளித்தூசி ஒரு மணிகூட உள்ளே போகக் கூடாதாம். வெள்ளை உடுப்பு, இரண்டு ஜோடிக் கையுறை, தலைக்கு உறை, குல்லாய், வாய்க்கு மூடி. முகப்பவுடர் பூசியவர்களுக்கு அனுமதி இல்லை. மகள் மாமாவின் மீசையைப் பார்த்தாள்.

"மாமா, சில மீசைச் சாயத்துல ஈயம் இருக்கும்."

"என்னது?"

மேஸ்திரி சிரித்த சிரிப்பு நடைபாதைக் கோடிவரை கேட்டது. "நாப்பது வருஷமா ஈயம் மட்டம்னு பேசினவன், மூக்குக்குக் கீழேயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான்!" மச்சானுக்கு மட்டும் வாய்மூடி இரண்டு போட்டு, ஓரத்தில் பிளாஸ்திரியும் ஒட்டினார்கள்.

உள்ளே போக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவு. கடைசிக் கதவுக்கு மேல் சிவப்பு எழுத்தில் கழித்தல் இருபத்திரண்டு டிகிரி. மேஸ்திரி வாழ்நாள் முழுக்க ஆயிரத்துச் சொச்சம் டிகிரிக்கு முன்னால் நின்ற மனுஷர். கதவு திறந்ததும் பழக்கதோஷத்தில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கையை நெற்றிக்கு நேரே உயர்த்தினார். அடித்தது குளிர். உடம்புக்கு ஒரு கணம் எது எதுவென்று புரியவில்லை. அதுவும் ஓர் உலைவாசல்போலத்தான் இருந்தது. அதே இரைச்சல், அதே வெள்ளை விளக்கு, அதே மாதிரி ஆட்கள் கண் மட்டும் தெரிய நின்றார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தன் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று அவருக்கு முதன்முதலாகப் பிடிபட்டது.

சுவர் நெடுக அலமாரி. அலமாரியெல்லாம் வெள்ளிக் குழாய்கள். மகள் ஒன்றை இழுத்து, உறையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு பனி உருளையை எடுத்து வெளிச்ச மேஜைமேல் வைத்தாள். "இது மூணாம் உலை பத்த வெச்சதுக்கு அடுத்த வருஷம்பா. அளவு உச்சத்துல இருந்த வருஷம்."

மூன்று பேரும் குனிந்தார்கள். உருளை கண்ணாடிபோல இருந்தது. உள்ளே குட்டிக் குட்டியாகக் காற்றுக் குமிழிகள். வேறு ஒன்றும் இல்லை.

"எங்கம்மா?"

"இதுலதாம்பா."

"எங்கே?"

"கண்ணுக்குத் தெரியாது. ஒரு பெரிய ஏரித் தண்ணியில ஒரு சிட்டிகை கலந்தா எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான். இயந்திரத்துக்குத்தான் தெரியும்."

மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். மூச்சுப் பட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "சிட்டிகையா? மூணு உலை. நாப்பத்தோரு வருஷம். முந்நூறு ஆளு." அதற்குமேல் கணக்குப் போட அவரால் முடியவில்லை. "ஒரு சிட்டிகை?"

மச்சான் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தார். இரண்டு வாய்மூடிக்கு அடியில் அவர் இளிப்பது தெரிந்தது. ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் இளிப்பு பாதியில் நின்றது. தலைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்த பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு, "குளிருதுக்கா" என்றார்.

மேஸ்திரி உருளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். புகைபோக்கி விழுந்த அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். அன்றைக்காவது பார்க்க ஒன்பது விநாடி கொடுத்தார்கள்.

மகள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். கோடி அலமாரிக்குப் போனாள். அடித்தட்டில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவள் கையில் இன்னொரு உருளை இருந்தது. மேஜைமேல் வைத்தாள். "இதையும் பாருங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பனிக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு. சாம்பல் நிறம். சுண்டுவிரல் தடிமன். ஒரு ஓரத்தில் தடித்தும் மறு ஓரத்தில் இளைத்தும், காற்றடித்த பக்கம் சாய்ந்தாற்போல இருந்தது.

மேஸ்திரி கையுறையோடு விரலை அதன்மேல் கொண்டுபோனார். தொடவில்லை. "இது பை கிழிஞ்ச அன்னிக்கு" என்றார்.

"எந்தப் பை?" என்றாள் மனைவி.

"வடிகட்டிப் பை. மூணாம் உலைக்கு மேல இருந்ததே. திடீர்னு கிழிஞ்சு, பதினோரு நிமிஷம் புகை அப்படியே நேரா மேல போச்சு. ஒம்போது பேரு ஏணியில ஏறிக் கையால அழுத்திப் பிடிச்சோம். நெட்டையன் மேல்படி. அவனுக்குக் கீழ சப்பட்டை. அப்புறம் நான். பாட்டுக்காரன் கீழ நின்னுக்கிட்டு, விட்டுடாதீங்கடா விட்டுடாதீங்கடான்னு பாடறான், அந்த நேரத்துலயும் ராகம் போட்டு. இறங்கி வந்தா ஒருத்தனை ஒருத்தனுக்கு அடையாளம் தெரியல. சப்பட்டை என்னை நெட்டையன்னு நெனச்சுக் கட்டிப்பிடிச்சு அழறான்." மேஸ்திரியின் விரல் கோட்டை ஒட்டி மெல்ல நகர்ந்தது. "இந்தத் தடிச்ச எடம் இருக்கே, அது நெட்டையன் கை நழுவினப்ப. இங்க இளைக்குது பாரு, இங்கதான் தண்ணிக்குழாய் வந்துது."

"ஒம்போது பேருல இப்ப எத்தனை பேருப்பா?" மகள் பனி அறுக்கும் ரம்பத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டாள்.

"ரெண்டு பேரு. நானும் பாட்டுக்காரனும். அவனுக்கு இப்ப பேச்சு வர்றதில்ல."

மச்சான் மேஜையருகே வந்தார். குனிந்து, இந்தக் கண்ணால் ஒரு முறை, அந்தக் கண்ணால் ஒரு முறை பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கழித்தல் இருபத்திரண்டில், தலையிலிருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுதுதான் அத்தான்."

மேஸ்திரி தலையாட்டினார்.

கொஞ்ச நேரம் பொறுத்து மச்சான் மறுபடி குனிந்தார். "இந்த ஓரத்துல மஞ்சளா ஒரு கீத்து ஓடுதே. நூல் மாதிரி. அது பித்தளையா இருக்குமோ?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பாலமே இடிந்திருக்கும். மேஸ்திரி அந்த நூலைக் கூர்ந்து பார்த்தார். "இருக்கும்டா. ஆத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம்? அதுவும் கூடவே கிளம்பியிருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

மனைவி இருவரையும் விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கோட்டை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படி அப்படிச் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இங்கேயும் கறைதானா? இதையும் நானே தோச்சுக் குடுக்கணுமா?" என்றாள். ஆனால் அவள்தான் கடைசியாக அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மேஸ்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து நெட்டையன் கதையை நடத்துனருக்கும் ஒருமுறை சொன்னார். நடத்துனர் சில்லறையை எண்ணிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வழியில் மச்சானின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டையில் அவ்வப்போது யாரையோ மேல்படிக்கு ஏறச் சொன்னார். மச்சான் இரண்டரை மணி நேரம் தோளை அசைக்கவில்லை. கம்பளி மூட்டையும் மடியிலேயே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சண்டை அந்தக் கோட்டில் மஞ்சள் பாகம் எத்தனை பங்கு என்பதாக மாறியது. அது இருவருக்கும் சாகும்வரை போதுமானதாக இருந்தது.

அந்தக் கோடு எரிமலைச் சாம்பல். ஈய ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வருஷம் முன்னால் விழுந்தது.